வழுக்காத தரை

என் இடது முழங்காலில், சில்லுக்கு நேர் கீழே, நாலு விரல் நீளத்துக்கு ஒரு தையல் தழும்பு இருக்கிறது. எப்படி ஆனது என்று கேட்டவர்களிடமெல்லாம் மூன்று வருடம் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். கோயில் தரையில் தண்ணீர் கிடந்தது, வழுக்கிவிட்டது என்று. பொய். தரையில் தண்ணீர் இல்லை. நான் குண்டாக இருந்தேன். அந்தக் கனத்தைச் சுமந்து சுமந்து நைந்துபோயிருந்த தசைநாண் அன்றைக்கு அறுந்தது, அவ்வளவுதான். இந்தச் சின்ன உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் பம்புசெட்டு உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். வயது முப்பத்தைந்து. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். எதிரே ஒரு பேக்கரி. பதினோரு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், நாலு மணிக்கு டீயும் பப்ஸும், கடை சாத்துகிற நேரத்தில் யாராவது தெரிந்தவர் வந்துவிட்டால் அவர் பேரைச் சொல்லி இன்னொரு டீயும் எனக்கு ஒரு ஜிலேபியும். வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம் என்றால் நெய் ஊற்றி மூன்று தட்டு. எங்கள் பக்கத்தில் விருந்தாளி போதும் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. யாரும் அதை நம்பமாட்டார்கள். இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தால் விரல் இடுக்கில் பரிமாறிவிடுவார்கள். ஊர் மரியாதையின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. என் விரல்களுக்கு நடுவே எப்போதும் நல்ல இடைவெளி இருந்தது.

குண்டாக இருப்பதை அன்றைக்கு யாரும் குறையாகச் சொல்லவுமில்லை. "ஆளு நல்லா ஆயிட்டீங்க" என்றுதான் சொல்வார்கள். என் தங்கையை உடுமலைப்பேட்டையில் கொப்பரை வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தோம். ஒரு பொங்கலுக்கு அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், களத்தைச் சுற்றிக் காட்டினார். மூட்டை எடை போடும் இரும்பு மேடை ஒன்று இருந்தது.

"ஏனுங்க மச்சான், சும்மா ஒருக்கா ஏறிப் பாருங்க" என்றார்.

ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. "ரெண்டு மூட்டையத் தாண்டிப்போட்டீங்க மச்சான்!" என்று அவர் கத்த, தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். மேடையிலிருந்து இறங்கும்போது இடது முழங்காலுக்குக் கீழே ஒரு குத்து குத்தியது. சிரிப்பை நிறுத்தாமல் இறங்கினேன்.

அந்த வலி அப்போதே வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கடை மாடியில்தான் சரக்கு. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. காலையில் முதல் பத்து அடி நொண்டுவேன், அப்புறம் சரியாகிவிடும். வீட்டில் இருந்தது தரையோடு பதித்த கக்கூஸ். உட்கார்ந்துவிட்டால் எழுவதற்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத்தான் எழவேண்டும். ஒருநாள் அந்தக் குழாய் சுவரோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. நனைந்துபோய் வெளியே வந்து, துருப்பிடித்த குழாயை மாட்டிவைத்திருக்கிறான் என்று பிளம்பரைத் திட்டினேன். இப்போது யோசித்தால் தெரிகிறது, என் உடம்பு செய்ததற்கு வேறு யாரையாவது கைகாட்டும் பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

யாருக்கும் சொல்லாமல் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்து, என் விரலையே சில்லுக்குக் கீழே வைத்து அழுத்தினார். உயிர் போயிற்று.

"இதுதாங்க நாண். தொடைத் தசை பூராவும் இது வழியாத்தான் கீழ்க்காலை இழுக்குது. நீங்க படி இறங்கறப்ப, தரையில இருந்து எந்திரிக்கறப்ப, உங்க எடை அப்படியே இது மேல விழாது, அதுபோலப் பல மடங்கா விழும். கொஞ்சம் கொஞ்சமா இழை பிரிஞ்சுட்டு வருது. மோட்டார் கடை வெச்சிருக்கீங்க, பெல்ட் நைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"மாத்தச் சொல்லுவேனுங்க."

"இத மாத்த முடியாதுங்க. எடையைக் குறைங்க. குறையற வரைக்கும் தரையில சம்மணம் போட வேண்டாம். எதையும் தூக்கிட்டு கீழ இருந்து எந்திரிக்கவே வேண்டாம். ஒருநாள் பட்டுனு போயிரும், பாத்துக்குங்க."

என்ன சாப்பிடலாம், எதை விடவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாயுப் பிடிப்பாம், தைலம் தேய்த்தால் போதுமாம் என்று மனைவியிடம் சொன்னேன். அந்தச் சீட்டு துவைக்கப் போட்ட சட்டையில் அவள் கையில் சிக்கியது. படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள். எடை குறை என்று ஒரு டாக்டர் சொன்னதை மறைக்க வேண்டிய அளவுக்கு எனக்கு என் உடம்பைப் பற்றி வெட்கம் இருந்தது. ஊரே நல்லா இருக்கீங்க என்று சொன்னாலும் நெஞ்சுக்குள் எனக்குத் தெரியும். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

அந்த வருடம் வைகாசியில் தங்கையின் முதல் குழந்தைக்கு, ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு, முடி இறக்கிக் காது குத்த நாள் குறித்தார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் இரண்டும் நடக்கவேண்டும். குழந்தைக்கு இருக்கும் ஒரே மாமன் நான்.

அந்த வீட்டில் மாப்பிள்ளையின் அக்கா ஒருவர் இருந்தார். கணவனின் அக்காவை எங்கள் பக்கத்தில் அழைப்பதுபோல நாங்களும் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் புருஷன் இறந்துபோய்ப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். பிள்ளை கிடையாது. என் தங்கை மகளை அவர்தான் வளர்த்தார் என்று சொன்னால் மிகையில்லை. தங்கை பால் கொடுப்பாள், மற்றதெல்லாம் இவர். குழந்தை அவருடைய இடுப்பிலேயேதான் இருக்கும். தூங்கும்போதுகூட அவர் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கும். நல்ல காரியங்களில் மட்டும் அவர் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தானாகவே போய்ச் சுவரோரம் நின்றுகொள்வார்.

கோயிலுக்குப் போய் இறங்கியதுமே மாப்பிள்ளை கேட்டார். "ஏனுங்க மச்சான், உங்களுக்குச் சேர் ஒண்ணு போட்டரச் சொல்லட்டுங்களா?"

என் முகத்தில் வலி தெரிந்திருக்க வேண்டும். கேட்டவர் அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய பெரியப்பா ஒருவர், வெற்றிலை வாயோடு, "சேர்ல உக்காந்தா மடி எங்கீங்க மிஞ்சும்? தொந்திதான மிஞ்சும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "சேரெல்லாம் வேண்டாமுங்க. மாமன்னா கீழதான் உக்காரோணும்" என்றேன். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு காதில் அதைவிடச் சத்தமாக இருந்தது.

முதலில் முடி இறக்கினார்கள். சம்மணம் போட்டேன், குழந்தையை மடியில் வாங்கினேன். முடிந்ததும் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி எப்படியோ எழுந்தேன். குழந்தை மொட்டைத் தலையோடு வீறிட்டு அழுதது. குளிப்பாட்டுவதற்கு யார் கைக்கும் போகவில்லை. நங்கையாவைப் பார்த்துக் கையை நீட்டியது. நங்கையாவின் அம்மா, "நீ அக்கட்டால நில்லு, மத்தவங்க ஊத்தட்டும்" என்று சொல்லிப் பார்த்தார். குழந்தை அடங்கவில்லை. கடைசியில் நங்கையாவே வாங்கிக்கொண்டு போய், கிணற்றடியில் உட்காரவைத்துச் சொம்பால் தண்ணீர் ஊற்றினார். அவர் கை பட்டதும் அழுகை நின்றுவிட்டது.

காது குத்துவதற்கு இடம் மாற்றினார்கள். கிணற்றடியிலிருந்து இருபதடி தள்ளி, சாமியைப் பார்த்த மாதிரி, கல் பாவிய இடத்தில். வைகாசி வெயிலுக்குக் காங்கேயத்துக் கல் எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாலும் ஐந்து நிமிடத்தில் கோடுகூட இருக்காது. ஒரு ஜமக்காளத்தை விரித்து என்னை இரண்டாவது முறை உட்காரவைத்தார்கள். சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி இரண்டு காதையும் கண்மூடித் திறப்பதற்குள் குத்திவிட்டார்.

"மாமன் பாப்பாவ எடுத்துட்டு சாமிகிட்ட போங்க" என்றார்கள்.

தங்கை குனிந்து கையை நீட்டினாள். "குடுண்ணா, நீ எந்திரிச்சுப்போட்டு வாங்கிக்க."

அவளுக்கு என் கால் விஷயம் தெரியாது. அண்ணன் கனத்த உடம்பு, சிரமப்படுகிறான் என்று மட்டும் நினைத்தாள். அந்த நினைப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நூறு பேர் பார்க்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழ முடியாத மாமனா? "தள்ளு" என்றேன். குழந்தையை இடது தோளில் போட்டுக்கொண்டு, ஜமக்காளத்துக்கு வெளியே கல்லில் இடது காலை ஊன்றி, மொத்த உடம்பையும் அதன்மேல் ஏற்றி எழுந்தேன்.

பாதி எழுந்திருப்பேன். பட் என்று ஒரு சத்தம், தண்ணீர் சேந்தும்போது கயிறு அறுமே, அந்த மாதிரி. எனக்கு அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, உடம்புக்குள் கேட்டது. அப்புறம் கீழே கால் இல்லை. முன்பக்கமாகச் சரிந்தேன். குழந்தையும் என்னோடு வந்தது. எதிரே இருந்த கோயில் படிக்கல்லின் விளிம்பில் அதன் நெற்றி பட்டது.

அந்தக் கணத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. புதுக் கம்மல் போட்ட காதும் சந்தனம் பூசிய தலையும் ரத்தமுமாக இருந்த குழந்தையை யாரோ என் அடியிலிருந்து இழுத்தார்கள். தங்கை அலறினாள். என்னைப் புரட்டிப் போட்டார்கள். கால் நேராகக் கிடந்தது, மடக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. மாப்பிள்ளை என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"வழுக்கிருச்சுங்களா மச்சான்?"

அவர் பாவம், எனக்காகத்தான் கேட்டார். மரியாதையுள்ள மனிதர், விழுந்து கிடப்பவனை வெட்கப்படுத்தக் கூடாது என்று ஒரு காரணத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க. தண்ணி" என்றேன்.

யாரும் தரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் நங்கையாவைப் பார்த்தார்கள். கிணற்றடியிலிருந்து வந்தவர், காலிச் சொம்பு கையிலும் நனைந்த சேலை காலிலுமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முதலில் தன் சேலையைப் பார்த்தார். அப்புறம் சொம்பைப் பார்த்தார். அவரைப் பெற்ற அம்மாவே, "தாலியறுத்தவ கை படவேண்டாமுன்னு சொன்னனே, கேட்டீங்களா?" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வலியில் மூளை வேலை செய்யவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டது உண்டு. அது பொய். மூளை நன்றாகவே வேலை செய்தது.

குழந்தைக்குக் காங்கேயத்திலேயே புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்டார்கள். என்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து, பழைய டாக்டரே அறுவை செய்து நாணை இழுத்துத் தைத்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. மூன்றாம் நாள் அவர் வந்து கட்டிலருகே நின்றார். என் மனைவியும் இருந்தாள்.

"வழுக்கினதால அறுந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. இந்த வயசுல நல்ல நாண் இந்த மாதிரி அறாதுங்க. திறந்து பாத்தேனே, நாள்பட நைஞ்சு கிடந்துச்சு. எடைதான். நான் சொன்னேனில்ல?"

நான் தலையாட்டினேன். என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போனபிறகு, "உடுமலைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்களேன்" என்றாள். கால் சரியாகட்டும் என்றேன்.

கால் சரியாக ஆறு வாரம். தினமும் யாராவது பார்க்க வந்தார்கள், ஆப்பிளும் ஆரஞ்சும் தூக்கு நிறைய, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் கொண்டுவந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் கதை சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வந்தது. முதல் வாரம் தரையில் ஈரம் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் அப்படியே கொட்டிக் கிடந்தது. சொல்லிக்கொண்டே கச்சாயம் தின்றேன். மாவுக்கட்டுக்கு வெளியே இருந்த உடம்பு இன்னும் பெருத்தது.

நாலாவது வாரம் தங்கை குழந்தையோடு வந்தாள். தையல் பிரித்த இடம் சிவப்பாக இருந்தது. அவளே பேச்சை எடுத்தாள். "எங்க மாமியாரு நங்கையாவ இப்பப் பாப்பாவத் தொட வுடறதில்லைண்ணா. இவ அழுது அழுது மூணு நாள் காய்ச்சல். அவங்க காலைல களத்துக்குப் போனா இருட்டற வரைக்கும் ஊட்டுக்கே வரதில்லை."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் என்னண்ணா சொல்றது? தண்ணிய ஊத்துனது ஊத்துனதுதான."

குழந்தை இப்போது என்ன சாப்பிடுகிறது என்று பேச்சை மாற்றினேன். அடுத்த மாதம் போனில் சொன்னாள், நங்கையா திருப்பூர் போய்விட்டாராம். ஒரு பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கிற வேலை, பக்கத்திலேயே லைன் வீட்டில் ஒரு அறை. "அவங்களாத்தான் போறேன்னாங்க. ஆருமே இருங்கன்னு சொல்லலண்ணா" என்றாள். அதற்கப்புறம் அவர் நோம்பி, பண்டிகைக்குக்கூட உடுமலைக்கு வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார் என்ற பயமில்லை. அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். உண்மையைச் சொன்னால் சேர் வேண்டாமென்று வீம்பு பிடித்ததைச் சொல்லவேண்டும். டாக்டர் எச்சரித்ததைச் சொல்லவேண்டும். என் உடம்பை என் காலே தாங்கவில்லை என்று என் வாயால் சொல்லவேண்டும். என்னைக் குண்டன் என்று நினைப்பதைவிட அவரை ராசியில்லாதவர் என்று நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என்னைப் பற்றி எழுத முடியாது. எழுதிவிட்டேன்.

கட்டுப் பிரித்தபின் கால் குச்சியாகியிருந்தது. டாக்டர் இந்த முறை தயவு காட்டவில்லை. இந்த எடையோடு நடந்தால் வலது காலும் போகும் என்றார். பேக்கரிப் பையனிடம் இனிமேல் டீ மட்டும் என்று சொன்னேன். அடுத்த வருடத்திலிருந்து விடிந்ததும் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடந்தேன். இரண்டு வருடத்தில் இருபத்து நாலு கிலோ குறைந்தது. பார்த்தவர்களெல்லாம் சர்க்கரையா என்று விசாரித்தார்கள். நல்லா இருந்த மனுஷன் இப்படி ஆயிட்டாரே என்று என் மனைவியிடம் துக்கம் கேட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் திருப்பூருக்குப் போகவேண்டும் என்று நினைப்பேன். ஐம்பது கிலோமீட்டர்தான். போகவில்லை.

தங்கைக்கு இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்தது. நான் விழுந்து மூன்று வருடம் கழித்து அதே கோயிலில் அவனுக்குக் காது குத்து. இந்த முறை எனக்குக் கேட்காமலே சேர் போட்டிருந்தார்கள். "அன்னைக்கு வழுக்கி விழுந்து எவ்வளவு பாடுபட்டுப்போட்டாரு" என்று பெரியப்பாவே சேரைத் துடைத்துக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. என் பொய் எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்திருந்தது.

காது குத்தி முடிந்து குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தபோதுதான் பார்த்தேன். வேன் நிறுத்தியிருந்த இடத்தில், புளியமர நிழலில், நங்கையா நின்றிருந்தார். முறைக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள், அவரும் முறைக்கு வந்திருக்கிறார். முடி பாதி நரைத்திருந்தது. கோயில் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் சாகிற வரைக்கும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

பந்திக்கு எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். "ஒரு நிமிசம் இருங்க" என்றேன். சொன்னேன். தரையில் தண்ணீர் இல்லை. நங்கையா ஊற்றவில்லை. ஏற்கெனவே என் கால் கெட்டிருந்தது, டாக்டர் எச்சரித்திருந்தார், என் எடை தாங்காமல் நாண் அறுந்தது. குழந்தை விழுந்தது என்னால். எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு மாப்பிள்ளை வந்து என் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்கக்கா மேல பழி இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றது எங்களுக்குத் தெரியாதுங்களா மச்சான்? அன்னைக்கு விழுந்ததும் நீங்கதான தண்ணின்னீங்க. நடந்தது நடந்துபோச்சு, உடுங்க. உங்களுக்குப் பெரிய மனசுங்க."

"மனசெல்லாம் இல்லீங்க, நெசமாச் சொல்றேன். எடைதான் காரணம்."

"எடைக்கு நாண் அறுமாக்கும்!" என்றார் பெரியப்பா. "அப்படின்னா எங்கூட்டு எருமைக்கு ஒரு காலாச்சும் மிஞ்சுமுங்களா? அப்ப எவ்வளவு நல்லா இருந்தீங்க. இப்பத்தான இளைச்சுப்போட்டீங்க."

என் மனைவி முன்னால் வந்து, "நெசந்தானுங்க. டாக்டர் சொல்றப்ப நானும் இருந்தேன்" என்றாள். நங்கையாவின் அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "புருசனும் பொண்டாட்டியும் ஒரே கொணம்" என்றார். எல்லோரும் என்னை மெச்சினார்கள். பந்திக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் புகழ்ச்சிக்கு நடுவே நான் கூனிக் குறுகி நின்றேன். பொய்யை ஒரு வார்த்தையில் நம்பியவர்கள் உண்மையை எத்தனை வார்த்தையில் சொன்னாலும் நம்பத் தயாராக இல்லை.

புளியமரத்தடிக்குப் போனேன். அங்கே வரைக்கும் என் குரல் கேட்டிருந்தது. நங்கையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கும், குறைந்தபட்சம் எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதாவது இருக்கும் என்று நினைத்துப் போனேன். அதுவும் இல்லை.

"ஏனுங்க, நெசமாலுமே தரை காஞ்சுதான் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"காஞ்சுதான் இருந்துச்சுங்க நங்கையா."

"நான் ஊத்தலீங்களா?"

"நீங்க ஊத்தலீங்க. கிணத்தடியிலதான் ஊத்துனீங்க. அங்க இருந்து இருபதடி."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "தெனமும் நெனச்சுப் பாப்பேனுங்க. சொம்ப எங்க வெச்சேன், எந்தப் பக்கமா வந்தேன், முந்தானையப் பிழிஞ்சனான்னு. நெனச்சு நெனச்சு, அந்தக் கல்லு மேல நானே ஊத்துனமாதிரி ஞாபகம் வந்துபோச்சுங்க. இப்பக் கண்ண மூடுனாலும் அந்தத் தண்ணி தெரியுதுங்க."

"அங்க தண்ணியே இல்லீங்க" என்றேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தரை காய்ந்து இருந்தது, நீங்கள் ஊற்றவில்லை. மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது. தைத்த முழங்கால் அவ்வளவு மடங்காது. மடங்கியிருந்தாலும் விழுந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க என்றேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே சந்தேகம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக, கோயிலைப் பார்த்து நடந்தார். நானும் பின்னால் போனேன். பந்திக்குப் பக்கத்தில் என் தங்கை நின்றிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நாலரை வயதுப் பெண் பாவாடை சட்டையில் நின்றது. நங்கையா அதன் முன்னால் உட்கார்ந்தார். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைத் தொடுவதற்கு மெதுவாகக் கையை நீட்டினார்.

குழந்தை சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "ஆரும்மா இவங்க?" என்று கேட்டது.

"அத்தை கண்ணு. உன்ற பெரியத்தை" என்றாள் தங்கை.

குழந்தை வெளியே வரவில்லை. நங்கையா நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எழுந்து, மூணு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பினார்.